குளக்கரையை விட்டு யாரும் போகவில்லை

எங்கள் பத்திரிகை ஆசிரியர் வெங்கடரமணன் தலைப்பை எழுதி வைத்துக்கொண்டுதான் செய்தியைத் தேடுவார். 1999 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது தலைப்பு தயாராக இருந்தது: 'குளக்கரை காலி'. பெரிய தினசரிகள் முந்தைய வாரமே எழுதிவிட்டன. கம்ப்யூட்டரும் டெலிபோனும் வைத்துக்கொண்டு உள்ளூர்க்காரர்கள் கூடிப் பேசும் 'போர்டு'களை விட்டு ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இன்டர்நெட் அரட்டைக்குப் போகிறார்கள், ஒரு காலம் முடிந்தது என்று அரைப் பக்கம் ஒப்பாரி. அவர்கள் எழுதியதெல்லாம் பம்பாய், பெங்களூர்க் கதை. மயிலாப்பூர் பக்கத்திலேயே 'குளக்கரை' என்று ஒரு போர்டு சாகக் கிடக்கும்போது நாம் சும்மா இருப்பதா என்பது ஆசிரியரின் கவலை.

எங்கள் 'தென்சென்னை மடல்' ஞாயிறு காலை மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீட்டு வாசல்களில் காசில்லாமல் வந்து விழும் எட்டுப் பக்கப் பத்திரிகை. அதற்கு நிருபர் என்று இருந்தது நான் ஒருத்திதான். பள்ளி ஆண்டு விழாவுக்குப் போவது ஜுவேரியா, குடிநீர் வாரியத்தோடு சண்டை போடுவது ஜுவேரியா, முதல் பக்க மூலையில் வரும் ராகுகாலப் பெட்டியைப் பிழை பார்ப்பதும் ஜுவேரியா. கச்சேரி சாலையில் எங்கள் வீட்டில் ராகுகாலம் பார்க்கிற வழக்கம் கிடையாது. ஆனால் ஒருமுறை செவ்வாய்க்கு உரியதைப் புதனில் போட்டுவிட்டு நாற்பது வாசகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஏழு நாளும் எனக்கு மனப்பாடம்.

ஆசிரியருக்கு ஒரே ஒரு தொழில் விதி உண்டு. பேர் போடு. ஊர்ச் செய்தியில் தெருவுக்கு ஒரு பேராவது இருக்க வேண்டும், தன் பேரைப் பார்க்கத்தான் ஜனம் பேப்பரைப் பிரிக்கிறது என்பார். குளக்கரையை விட்டுப் போனவர்கள் இருபது பேரின் பேரும் பேட்டையும் வேண்டும் என்று சொல்லி என்னை அனுப்பினார்.

எனக்குக் குளக்கரை புதிதில்லை. பாண்டி பஜாரில் சூட்கேஸ் கடை வைத்திருக்கும் என் தாய்மாமா ஷாஹுல் ஹமீது இரண்டு வருஷம் அதிலேயே பழியாகக் கிடந்தவர். கடைக்கு என்று வாங்கிய கம்ப்யூட்டரில் கடை வேலையைத் தவிர மற்ற எல்லாம் நடந்தது. பிறகு இன்டர்நெட் வந்தது, மாமா மலேசியாக்காரர்களோடு அரட்டை அடிக்கப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மந்தைவெளியில் சங்கரன் வீட்டுக்குப் போனேன். அவர் டெலிபோன் இலாகாவில் முப்பத்து நான்கு வருஷம் லைன் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். குளக்கரை என்பது அவர் வீட்டுக் கூடத்து மூலையில் இருந்த ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன், அவ்வளவுதான். வெளியிலிருந்து ஒருவர் தன் கம்ப்யூட்டர் மூலம் அந்த எண்ணைக் கூப்பிட்டால் இந்தக் கம்ப்யூட்டர் எடுக்கும். வந்தவர் மற்றவர்கள் எழுதி வைத்ததைப் படிப்பார், தன் பங்குக்கு ஏதாவது எழுதுவார், லைனை விடுவார். அப்புறம்தான் அடுத்தவர் வர முடியும். தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை இது குளக்கரை. மற்ற நேரத்தில் சாதாரண வீட்டு டெலிபோன்.

எத்தனை பேர் விட்டுப் போனார்கள் என்று கேட்டேன். ஒருத்தரும் போகவில்லை என்றார். இருநூற்றுப் பதினான்கு உறுப்பினர்கள், பேப்பர்காரர்கள் வாய்க்கு வந்ததை எழுதுகிறார்கள் என்று கோபப்பட்டார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்குத் திரையைக் காட்டினார். வெளியே போகும்போது இரண்டு வழி உண்டாம். 'வரேன்' என்று அடித்தால் அன்றைக்குப் போய்விட்டு இன்னொரு நாள் வருவதாக அர்த்தம், சின்னதாக ஒரு மணிச் சத்தம் கேட்கும். 'போறேன்' என்று அடித்தால் ஒரேயடியாக விலகியதாக அர்த்தம், பேர் பட்டியலிலிருந்து போய்விடும்.

"அதுக்கும் ஒரு சத்தம் வெச்சிருக்கேன். மூணு வருஷத்துல ஒரு தடவைகூடக் கேட்டதில்லே. என்ன சத்தம்னு எனக்கே மறந்து போச்சு," என்றார் பெருமையாக.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த ஊரில் எவன் 'போறேன்' என்று சொல்லிக்கொண்டு போவான்? பால்காரர்கூட நாளைக்கு வரேன் என்றுதான் படியிறங்குகிறார். விலகுகிறவர்கள் அபசகுனமான வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று ஒரு வாசலைக் கட்டிவிட்டு, அந்த வாசல் வழியாக யாரும் போகவில்லை என்று ஒரு மனிதர் மூன்று வருஷமாக நிம்மதியாக இருக்கிறார். பாவம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை. குளக்கரையில் கூட்டம் இருந்தது. கடந்த ஒரு மாதத்தில் யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு வந்தார், என்ன எழுதினார் என்று அவர் அச்செடுத்துக் கொடுத்த காகிதம் மடித்து மடித்து ஒரு தலையணை உயரத்துக்கு வந்தது. பத்தொன்பது பேர் தினமும் எழுதியிருந்தார்கள். சண்டை, சமாதானம், சமையல் குறிப்பு, கச்சேரி விமரிசனம், விடுகதை. முன்னைவிட இப்போதுதான் சுவாரஸ்யம் என்றார். "இப்பல்லாம் எல்லாருமே டைப் நன்னா அடிக்கறா. முன்னே ஒரு வரிக்கு அஞ்சு நிமிஷம் ஆகும்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் மனைவி விசாலாக்ஷி கையில் சாவிக்கொத்தோடு வேகவேகமாக வந்தார். அடுத்த தெருவில் அவருடைய தங்கை காமாக்ஷியின் வீடு. தங்கை அமெரிக்காவில் மகன் சாய்நாத்தோடு இருக்கப் போயிருப்பதால் மாமிதான் தினமும் பாதி நாள் அங்கே போய்ப் பூட்டைத் திறந்து, விளக்கேற்றி, செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறாராம். மணி மூன்றாவதற்கு இரண்டு நிமிஷம் இருந்தது. மூணு மணிக்கு ராகுகாலம் வந்துடும், அதுக்குள்ள படியேறிட்டேன் என்றார். இவளுக்கு வாசப்படி தாண்ட ராகு கையெழுத்துப் போடணும் என்று சங்கரன் கேலி செய்தார். நான் காகிதக் கட்டோடு எழுந்ததும் மாமி பதறிப்போய் நாலரைக்கு மேல் கிளம்பச் சொன்னார். சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து அந்தக் கட்டைப் பிரித்துப் படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. அடையாறு கோதண்டபாணி என்கிற வங்கி அதிகாரி தினமும் ஒரு விடுகதை போடுவார், நந்தனம் சுலோச்சனா என்கிற கல்லூரிப் பேராசிரியை அதை அவிழ்த்து எதிர் விடுகதை போடுவார். சிரித்துக்கொண்டே போனவள் ஒரு வரியில் நின்றேன். ஷாஹுல் ஹமீது, தி.நகர். பிப்ரவரி ஐந்து, வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒன்று இருபது. கத்திரிக்காய்க் கொத்சில் புளி எவ்வளவு போட வேண்டும் என்பதைப் பற்றிப் பத்து வரி.

தூக்கிவாரிப் போட்டது. என் மாமா கொத்சு பற்றி எழுதுவாரா என்பது இருக்கட்டும். வெள்ளிக்கிழமை ஒன்று இருபதுக்கு அவர் ஜும்மா தொழுகையில் நிற்பார். கடையே தீப்பிடித்தாலும் அந்த நேரத்தில் அவர் பள்ளிவாசலை விட்டு நகர மாட்டார்.

மறுநாள் காலை பாண்டி பஜாருக்கு ஓடினேன். மாமா காகிதத்தை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். அவர் முகம் வெளுத்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"இன்னாமா இது, என் பேர் போட்டுக்கீது? நான் அந்தப் பக்கம் தலவெச்சே எட்டு மாசம் ஆவுது."

அப்படியானால் ஏன் விலகிக்கொள்கிறேன் என்று முறையாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். போறேன்னு அடிக்கச் சொல்றாரு, நல்ல மனுஷன் மூஞ்சிக்கு நேரா அத எப்பிடிமா அடிக்கிறது என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. மாமா ஒருவர் மட்டும் இல்லை. உறுப்பினர் பட்டியலில் இருந்த எண்களில் ஆறு பேரைக் கூப்பிட்டுப் பொதுவாக விசாரித்தேன். ஆறு பேரும் குளக்கரைப் பக்கம் போய் மாதக்கணக்காகிறது என்றார்கள். ஆக, கிழவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். ஆள் இல்லாத இடத்தில் ஊர்க்காரர்களின் பேரைத் திருடித் தானே எழுதித் தானே பதில் போட்டுக்கொள்கிறார், நிருபர் வந்தால் அச்செடுத்தும் கொடுக்கிறார். என்னை முட்டாள் என்று நினைத்துவிட்டாரே என்பதுதான் எனக்கு அதிக எரிச்சல். ஆசிரியரிடம் சொன்னேனா? இல்லை. முழுசாக எழுதிக் கொண்டுபோய் மேஜையில் வீசிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அந்தக் கர்வம்தான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது.

வியாழக்கிழமை காலை வழக்கம்போல ராகுகாலப் பெட்டியைப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய் மூன்று முதல் நாலரை. புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை. வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு. பக்கத்தில் குளக்கரைக் காகிதம் விரிந்து கிடந்தது. கண் இங்கேயும் அங்கேயும் போய் வந்தது. பிறகு பென்சிலை எடுத்து ஒவ்வொரு நாளாகக் கோடு போட ஆரம்பித்தேன். அந்த மாதம் முழுக்க எந்தச் செவ்வாயிலும் மூன்றிலிருந்து நாலரைக்குள் ஒருத்தரும் குளக்கரைக்கு வரவில்லை. எந்தப் புதனிலும் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் வரவில்லை. பத்தொன்பது பேர். அடையாறு பாங்கிக்காரர், நந்தனம் பேராசிரியை, சாந்தோம் தேவாலயத்தில் பாட்டுப் பாடுகிறவர், என் மாமா ஷாஹுல் ஹமீது. எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ராகுகாலம் பார்த்தார்கள்.

ராகுவைக் கேலி செய்கிற சங்கரனுக்கு அந்தக் கவலை இருக்காது. வாசற்படி தாண்டவே நேரம் பார்க்கிற ஒரு ஆளை அந்த வீட்டில் நான் பார்த்திருந்தேன். அந்த ஆள் தினமும் போய் வருகிற இன்னொரு வீடும் இருந்தது.

வியாழனன்று ராகுகாலம் மூன்று மணிக்கு முடிகிறது. இரண்டே முக்காலுக்கே காமாக்ஷி வீட்டு வாசலில் போய் நின்றேன். மூன்று அடித்து ஐந்து நிமிஷத்தில் மாமி தெருமுனையில் திரும்பினார். என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். பூட்டைத் திறந்தார்.

உள்ளே சாய்நாத் விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் மேஜைமேல் இருந்தது. பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு. உறுப்பினர்களின் ரகசியச் சொற்களைப் புருஷன் சொல்லச் சொல்ல மூன்று வருஷமாக எழுதி வைத்தவர் மாமிதான். மறந்து போனவர்கள் கேட்டால் பார்த்துச் சொல்வதும் அவர்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். இப்போதெல்லாம் எல்லாரும் வேகமாக அடிக்கிறார்கள் என்று சங்கரன் பெருமைப்பட்டது நினைவுக்கு வந்தது.

மாமி அழவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"ஒவ்வொருத்தரா வரதை நிறுத்திட்டா. ஐப்பசி மாசத்துல மூணு நாள் ஒரு மணி அடிக்கல்லே. லைன் செத்துப் போச்சுன்னு எக்ஸ்சேஞ்சுக்குப் போய் புகார் குடுத்தார். அவா வந்து பார்த்துட்டு லைன் நன்னா இருக்குன்னா. மறுநாளும் போனார். அதுக்கு மறுநாளும் போனார். அவர்கிட்ட வேலை கத்துண்டவாளே அவரைப் பார்த்துச் சிரிச்சா. ஆத்துக்கு வந்து சாதத்தைப் பிசைஞ்சுண்டே உக்காந்திருந்தார், வாயில வெக்கல்லே. நான் இங்கே வந்து கோதண்டபாணி பேர்ல ஒரு விடுகதை போட்டேன். அன்னிக்கு ராத்திரி ரெண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிண்டார்."

ஒரு பேர் போதவில்லை. விடுகதை போட்டால் அவிழ்க்க ஆள் வேண்டுமே. இரண்டு மூன்றாகி, பத்தொன்பதாகிவிட்டது. யார் எப்படிப் பேசுவார்கள் என்பது மூன்று வருஷம் கூடத்தில் உட்கார்ந்து கேட்டதில் அத்துப்படி. இங்கே பத்தொம்பது பேரா இருந்துட்டு ஆத்துக்குப் போய் ஒருத்தியா சமைப்பேன் என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் லேசாக ஒரு சந்தோஷமும் தெரிந்தது. என் மாமாவை வெள்ளிக்கிழமை ஒன்று இருபதுக்கு எழுத வைத்ததைச் சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவருக்குத் தெரியக்கூடாது, அது ஒன்றுதான் மாமி கேட்டது. எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். தெருவில் இறங்கிய பிறகு எனக்குத்தான் அழுகை வந்தது. முந்தின நாள் சங்கரனைத் திருடர் என்று நினைத்த மனசை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

இங்கேதான் நான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு செய்த காரியம் வருகிறது. ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கலாம். ஆசிரியரோ பக்கத்தைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தினசரிகள் எழுதியதெல்லாம் தப்பு, நம்ம மந்தைவெளியில் குளக்கரை ஜேஜே என்று இருக்கிறது என்றேன். அவர் கண் பளிச்சென்றது. பெரிய பத்திரிகையைப் பொய்யாக்குவதைவிட ஒரு வாரப் பத்திரிகைக்கு வேறென்ன வேண்டும்? 'குளக்கரை காலி'யை அடித்துவிட்டு 'குளக்கரையை விட்டு யாரும் போகவில்லை' என்று அவரே எழுதினார். பிறகு பேர் போடு என்றார்.

போட்டேன். கை பழக்கம். என் மாமாவை மட்டும் விட்டுவிட்டுப் பதினெட்டுப் பேரும் பதினெட்டுப் பேட்டையும். அடையாறு கோதண்டபாணி நந்தனம் சுலோச்சனாவுக்குத் தினமும் ஒரு விடுகதை அனுப்புகிறார், அவரும் விடாமல் பதில் தருகிறார் என்று ரசித்து ரசித்து எழுதினேன். சங்கரன் படித்து மகிழ்வார், மாமியின் ரகசியமும் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பதினெட்டுப் பேரின் வீட்டு வாசலிலும் ஞாயிற்றுக்கிழமை இதே பேப்பர்தான் விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீடு வீடாகப் போடுகிற பத்திரிகையில் வேலை பார்த்துக்கொண்டு எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். பேப்பரை என் முன்னால் போட்டு, இவங்கள்ளாம் என்னை மாதிரியே எப்பவோ போய்ட்டவங்கமா, படிச்சா சும்மா இருப்பாங்களா என்று கேட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு மந்தைவெளிக்கு ஓடினேன்.

நான் போகும்போதே கூடத்தில் ஒருவர் பேப்பரும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். ரகசியச் சொல் மறந்து போனதால் நேரிலேயே வந்திருந்த கோதண்டபாணி. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"சார், நான் போன தீபாவளிக்கப்புறம் உங்க போர்டுக்கு வரவே இல்லை. சுலோச்சனா யாருன்னு என் வீட்டுல கேக்கறா. எனக்கே தெரியாது, நான் என்ன சொல்லட்டும்? தயவு பண்ணி என் பேரை எடுத்துடுங்க."

சங்கரனுக்குப் புரியவில்லை. வியாழக்கிழமைகூட எழுதினீர்களே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திரையில் அதை எடுத்தும் காட்டினார். கோதண்டபாணி குனிந்து தன் பேரில் இருந்த விடுகதையைப் படித்தார், தலையை ஆட்டினார். மாமி தண்ணீர்ச் சொம்போடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னை அவர் பார்க்கவில்லை. பார்த்து ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அப்போது டெலிபோன் மணி அடித்தது. கம்ப்யூட்டர் எடுத்தது. திரையில் சுலோச்சனா என்று பேர் வந்தது. உண்மையான சுலோச்சனா. ஒவ்வொரு எழுத்தாக, தேடித் தேடி அடித்தார். தன் பேரில் இருந்ததையெல்லாம் படித்தார். பிறகு 'போறேன்' என்று அடித்தார்.

கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மேலேயிருந்து கீழே இறங்குகிற மூன்று ஸ்வரம். சங்கரன் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார். தான் வைத்த சத்தத்தை அவர் அன்றைக்குத்தான் கேட்டார்.

அடுத்த மணி. அடுத்த பேர். போறேன். மறுபடி மணி. கோதண்டபாணி தன் பேரையும் எடுக்க வைத்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் அவருக்கும் வரேன் என்பதா போறேன் என்பதா என்று தெரியவில்லை, கையைக் கூப்பிவிட்டுப் போனார். மத்தியானம் முழுக்க நான் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து எண்ணினேன். ஊரில் எவன் போறேன் என்று சொல்வான் என்று சிரித்தவள், ஒரே நாளில் பதினாலு பேரைச் சொல்ல வைத்தேன். நாலு மணிக்கு மாமி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நாலரைக்கு மேல் மணி அடிக்கவில்லை. சங்கரன் என் பக்கம் திரும்பினார். பேரைப் போடலாமா என்று இந்தப் பதினெட்டுப் பேரில் ஒருத்தரிடமாவது நீ கேட்டாயா என்றார். இல்லை என்றேன். அவர்களாக எழுதவில்லை என்பது உனக்குத் தெரியுமா என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். யார் எழுதினது என்று கேட்டார். வாக்குக் கொடுத்த வாயைத் திறக்க முடியவில்லை.

"யாரோ என்னை வெச்சு நன்னா வெளையாடியிருக்கா. போறும். மூடிடறேன்," என்று சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

மணி அடித்தது.

கை சுவிட்சின்மேல் இருக்க, திரையைப் பார்த்தார். புது ஆள் என்று வந்தது. பேர் என்ன என்று கம்ப்யூட்டர் கேட்டது. எழுத்துக்கள் தேடாமல், தயங்காமல் சரசரவென்று வந்தன: விசாலாக்ஷி. ஊர், மந்தைவெளி. உங்களை இங்கே அறிமுகப்படுத்தியது யார் என்று புது ஆட்கள் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி வந்தது. என் ஆத்துக்காரர் என்று பதில் வந்தது. அதற்குக் கீழே ஒரு வரி. 'பத்தொன்பது பேரும் நான்தான். இனிமே என் பேர்லயே எழுதட்டுமா?'

சங்கரன் முகத்தில் முதலில் வந்தது கோபம்தான், நான் பார்த்தேன். காது நுனி சிவந்துவிட்டது. பிறகு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார், அதற்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். நாலே முக்கால். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு.

"இந்த நேரத்துல அவ வாசல்ல வர கீரைக்காரியைக்கூடக் கூப்பிட மாட்டா," என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். ராகுவைக் கேலி செய்கிற அந்த மனிதர் அடித்ததை நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன்.

'இப்போ வேண்டாம். ஆறு மணிக்கு மேல நல்ல நேரத்துல சேர்ந்துக்கோ. திறந்து வெச்சிருக்கேன்.'

அடுத்த தெருவிலிருந்து திரையில் 'வரேன்' என்று வந்தது, சின்னதாக மணி அடித்தது.